கட்டுத்தறிக்கு அந்தப்பக்கம் ஒரு விளக்கு

கொடைக்கானல் போய்வந்த மகள் ஒரு பை நிறைய மலைப்பூண்டு வாங்கி வந்திருந்தாள். ஊறுகாய் போடலாம் என்று ஞாயிற்றுக்கிழமை காலையில் செய்தித்தாளை விரித்துப்போட்டு இருவரும் உரிக்க உட்கார்ந்தோம். பத்துப் பல் உரிப்பதற்குள் வாசனை வீடு முழுக்க ஏறிவிட்டது. என் கை அப்படியே நின்றுவிட்டது.

"என்னம்மா, நகக்கண்ணு எரியுதா?" என்றாள்.

எரியவில்லை. பூண்டு வாசனை எழுந்தாலே நான் கோயம்புத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியின் இரண்டாம் மாடிக்குப் போய்விடுவேன். பச்சைத் திரை போட்ட சிறிய அறை, சுவரில் ஒரு கடிகாரம், அதில் பதினைந்து நிமிடம் நகர்வதற்காகக் காத்துப் படுத்திருக்கும் நான். பூண்டைத் தொடாமலே என் மூச்சிலும் தோலிலும் பூண்டு மணத்த ஆறு வாரங்கள் அவை. அம்மாவுக்கு அந்தக் காலத்தில் ஏதோ வயிற்றுவலி என்ற அளவில்தான் மகளுக்குத் தெரியும். அன்றைக்குப் பூண்டு உரித்து முடியும்வரை அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். சொல்லச் சொல்ல, கதை கோயம்புத்தூரில் தொடங்கவில்லை என்று தோன்றியது. சத்தியமங்கலத்துக்குப் பக்கத்தில் இருந்த, என் அம்மாவைப் பெற்ற அம்மாயியின் தோட்டத்து வீட்டில்தான் அது தொடங்குகிறது.

பள்ளி விடுமுறை முழுக்க அங்கேதான். கிணறு, தென்னை, எருமைகள் எல்லாம் இருந்த வீட்டில் கழிவறை மட்டும் கிடையாது. பெண்கள் விடிவதற்கு முன்னால் ஓடைப்பக்கம் போய்வருவார்கள். பிறகு இருட்டிய பின்புதான். நடுப்பகலில் எனக்கு முட்டிக்கொண்டு வந்தால் அம்மாயி தலையைத் தடவிச் சொல்வார்: "கொஞ்சம் அடக்கிக்க கண்ணு, பொழுது உழுகட்டும்." கல்லுக்கட்டில் காலைப் பின்னிக்கொண்டு உட்கார்ந்து, தென்னைமர நிழல் நீள்வதைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

பள்ளிக்கூடத்திலும் அதே நிலைதான். நூற்றுக்கும் மேற்பட்ட பெண் பிள்ளைகளுக்கு ஒரே ஒரு கழிவறை, அதற்கும் பூட்டு. சாவி பெரிய டீச்சரின் மேசையில் இருக்கும். எல்லோர் முன்னாலும் போய் அதைக் கேட்கும் தைரியம் யாருக்கும் இல்லை. காலை எட்டு மணிக்குக் குடித்த தண்ணீரோடு சாயங்காலம்வரை ஓட்டிவிடுவோம். நான் ரொம்ப அடக்கமான பெண் என்று உறவில் எல்லோரும் மெச்சுவார்கள். அடக்கிக்கொள்வதும் அடக்கமும் எங்கள் பேச்சில் ஒரே வேரில் முளைத்தவை.

பன்னிரண்டு வயதிருக்கும்போது ஒரு சித்திரை மாதத்தில் எனக்கு முதல்முறையாக நீர்க்கடுப்பு வந்தது. சொட்டுச் சொட்டாகப் போனது, போகும்போதே எரிந்தது. அம்மாயி என் இரண்டு கால் பெருவிரல் நகத்திலும் வெற்றிலைச் சுண்ணாம்பைத் தடவினார். தொப்புளில் விளக்கெண்ணெய் விட்டார். பொங்கலுக்கு முதல்நாள் வேப்பிலையோடும் ஆவாரம்பூவோடும் சேர்த்துக் காப்புக் கட்டுவோமே, அந்தப் பூளைப்பூச் செடியை வேரோடு பிடுங்கிவந்து கஷாயம் வைத்தார். பெரிய சொம்பு நிறையக் கொடுத்து, பக்கத்திலேயே உட்கார்ந்து குடிக்கவைத்தார். மோர், இளநீர் என்று நாள் முழுக்க ஏதாவது உள்ளே போய்க்கொண்டிருந்தது. இரண்டு நாளில் சரியாகிவிட்டது. சிறுபீளை என்று அந்தச் செடிக்குப் புத்தகப் பெயர் என்பதும், நீரடைப்புக்குச் சித்த மருத்துவம் அதைத் தொன்றுதொட்டுக் கையாள்கிறது என்பதும் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். அன்று என்னைக் குணப்படுத்தியது செடியா, சொம்பு சொம்பாகக் குடித்த தண்ணீரா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. அடக்கக் கூடாத பதினான்கு வேகங்கள் என்று சித்த மருத்துவம் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. தும்மல், கொட்டாவி, பசி, கண்ணீர் ஆகியவற்றோடு சிறுநீரும் அதில் இருக்கிறது. இவ்வளவு தெளிவாகச் சொல்லிவைத்த ஊரில்தான் நாங்கள் பொழுது சாயக் காத்திருந்தோம்.

ஆசிரியை வேலை கிடைத்தது, கல்யாணமும் ஆயிற்று. கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் புகுந்த வீடு, மலையடிவாரத்தில் பள்ளிக்கூடம். இரண்டு பஸ் மாறினால் ஒன்றரை மணி நேரப் பயணம். மகள் பிறந்து இரண்டு வருஷம் இருக்கும், அப்போதுதான் அந்த வலி வந்து சேர்ந்தது. முதலில் நீர்க்கடுப்பு என்றே நினைத்தேன். அடிவயிற்றில், எலும்புக்கு உள்பக்கமாக, ஒரு நெருப்புக்கங்கை வைத்து அதன்மேல் ஊதிக்கொண்டே இருப்பதுபோல் இருக்கும். நீர் சேரச் சேர வலி ஏறும். போய்வந்தால் கொஞ்சம் தணியும், அரைமணி நேரத்தில் மறுபடி ஏறும். பஸ்ஸில் ஏறுமுன் ஒருமுறை, இறங்கியதும் ஒருமுறை, பாடவேளைக்கு இடையில் ஒருமுறை. கோபியிலிருந்து பள்ளிவரை எந்த இடத்தில் கதவுள்ள கழிவறை இருக்கிறது என்பது எனக்கு மனப்பாடம். கணவரோடு சேர்ந்திருப்பதும் வேதனையாகிப்போனது. அதை எந்த வார்த்தையில் அவரிடம் சொல்வது என்று தெரியாமலே இரண்டு வருஷம் போயிற்று.

போகாத டாக்டர் இல்லை. பரிசோதனை வருமுன்னே நார்ஃப்ளாக்சசின் எழுதிக்கொடுப்பார்கள். ஐந்து நாள் சாப்பிட்டு, வலி போகாவிட்டால் வேறொன்று. ஒருமுறை எரிச்சலுக்கென்று கொடுத்த மாத்திரையில் சிறுநீர் அடர்ந்த ஆரஞ்சு நிறத்தில் போக, ரத்தம் என்று நினைத்து உட்கார்ந்து அழுதேன். அந்த மாத்திரையின் குணமே அதுதான் என்று கொடுத்தவர்கள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கல்ச்சர் பரிசோதனைக் காகிதங்களை ஒரு மஞ்சப்பையில் சேர்த்துவைத்தேன். பதினேழு காகிதம் சேர்ந்தது. இரண்டைத் தவிர எல்லாவற்றிலும் ஒரே முடிவு: கிருமி வளரவில்லை. ஒரு டாக்டர் அந்தக் கட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு ஒண்ணுமில்லைங்க. மனசுதான். இன்னொரு குழந்தை பெத்துக்கங்க, எல்லாம் சரியாயிடும்" என்றார். வீடு திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, எனக்கு உண்மையிலேயே வலிக்கிறதா என்று என்னையே கேட்டுக்கொண்டு வந்தேன். நோய் கொடுத்த எந்த இரவையும்விட அந்தப் பயணம்தான் இன்றைக்கும் கசக்கிறது.

அந்த நாட்களில் இரவில் நாலைந்து முறை எழுவேன். கழிவறை, கொல்லையில் கட்டுத்தறியைத் தாண்டி இருந்தது. வாசலில் ஒரு குண்டு பல்பு. கதவைத் திறந்து வெளியே பார்க்கும்போது சில நாள் அந்த விளக்கு எனக்கு முன்பே எரிந்துகொண்டிருக்கும். என் மாமியாரான அத்தை உள்ளே இருப்பார். அவர் வரும்வரை தாழ்வாரத்தில் நிற்பேன். ஒருவரையொருவர் கடக்கும்போது இருவரும் பேசிக்கொள்ள மாட்டோம். வயசானவர்களுக்கு இப்படித்தான் தூக்கம் கலையும்போல என்று நினைத்துக்கொள்வேன்.

உடன் வேலை பார்த்த டீச்சர் ஒருவர் சொல்லித்தான் கோயம்புத்தூரில் அந்தச் சிறுநீரியல் மருத்துவரிடம் போனேன். மஞ்சப்பையை நீட்டினேன். அவர் அதைப் பிரிக்கவில்லை. "நீர் சேரும்போது வலிக்குதா? போனதும் குறையுதா?" என்று கேட்டார். அத்தனை வருஷத்தில் யாரும் கேட்காத கேள்வி. பதில் சொல்ல வாய் வராமல் தலையை மட்டும் ஆட்டினேன்.

மூன்று நாள் கணக்கு எழுதிவரச் சொன்னார். கோடு போட்ட பிளாஸ்டிக் கோப்பையில் ஒவ்வொரு முறையும் அளந்து, மணியையும் அளவையும் ஒரு நோட்டில் குறிக்க வேண்டும். ஒரே நாளில் இருபத்திரண்டு முறை, பெரும்பாலும் நூறு மில்லிக்குள். எண்ணாகப் பார்த்தபோதுதான் நான் எப்படி வாழ்ந்துகொண்டிருந்தேன் என்று எனக்கே உறைத்தது. கல் இல்லை, புற்று இல்லை, சிறுநீர்ப் பாதையில் காசநோய் இல்லை என்று ஒவ்வொன்றாகப் பார்த்துத் தள்ளினார். பிறகு மயக்கம் கொடுத்து, குழாய்க் கருவி விட்டுச் சிறுநீர்ப்பையின் உள்ளே பார்த்தார். நீரால் விரித்து, வடியவிட்டபோது உட்சுவரில் குண்டூசி முனைபோல ரத்தப் புள்ளிகள் தெரிந்தன என்றார். இன்டர்ஸ்டீஷியல் சிஸ்டைடிஸ் என்று சீட்டில் எழுதினார். சிறுநீர்ப்பைச் சுவரின் நாள்பட்ட அழற்சி என்று எனக்குத் தமிழில் விளக்கினார். இப்போது சிறுநீர்ப்பை வலி நோய்த்தொகுதி என்றும் சொல்கிறார்கள். அந்த ரத்தப் புள்ளிகளைக் கொண்டு மட்டும் நோயை முடிவு செய்ய முடியாது என்பதும் பின்னால் தெளிவானது. எனக்கு அன்று ஒரு பெயர் கிடைத்ததே போதுமாக இருந்தது.

"இது புதுசில்லைங்க. பால்டிமோரில் கை ஹன்னர் என்ற டாக்டர் 1915லேயே இதைப்பற்றி எழுதியிருக்கிறார்" என்றார். பையின் உட்சுவரில் சிவந்த புண்போல வரும் ஒருவகைக்கு இன்றும் அவர் பெயர்தான். இன்னொரு கதையும் சொன்னார். நியூயார்க்கில் விக்கி ராட்னர் என்ற மருத்துவ மாணவிக்கே இந்த நோய் வந்ததாம். மனசுதான் காரணம் என்று அவளையும் திருப்பி அனுப்பினார்களாம். அவள் நூலகத்தில் உட்கார்ந்து பழைய கட்டுரைகளைத் தேடித் தன் நோயைத் தானே கண்டுபிடித்து, 1984இல் இந்த நோயாளிகளுக்கென்று ஒரு சங்கமே தொடங்கினாள். டாக்டருக்குப் படித்தவளுக்கே அந்தக் கதி என்று கேட்டபோது என் மஞ்சப்பை கொஞ்சம் லேசானது.

ஒரே ஊசியில் தீர்கிற காரியம் இல்லை என்று முதல் நாளே சொல்லிவிட்டார். படிப்படியாகத்தான் போக வேண்டும், முதல் படி அடுப்படியில் என்றார். காபி, டீ, தக்காளி, எலுமிச்சை, ஆரஞ்சு, மிளகாய், சோடா எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, வாரத்துக்கு ஒன்றாகத் திரும்பச் சேர்த்து எது வலியைக் கிளப்புகிறது என்று பார்க்க வேண்டும். உடம்பைக் குளிரவைக்கும் என்று வீட்டில் அன்போடு கொடுத்துவந்த எலுமிச்சைச் சாறுதான் எனக்கு நெருப்பாக இருந்திருக்கிறது. தக்காளியும் காபியும் அறவே ஆகவில்லை. டாக்டர் கொடுத்த பட்டியல் அமெரிக்கப் பட்டியல். அதில் புளி இல்லை. நானே சோதித்துப் பார்த்ததில், நீர்க்கப் போட்ட புளி ஒத்துக்கொண்டது. ஒருவருக்கு ஆகாதது இன்னொருவருக்கு ஆகும் என்பதால் இதில் ஊருக்கெல்லாம் ஒரே சமையல் கிடையாது. காபி வாசனைக்காக மட்டும் ஒரு வருஷம் ஏங்கினேன்.

அடுத்தது இரவில் பத்து மில்லிகிராம் அமிட்ரிப்டிலின். மருந்துக்கடைப் பையன் சீட்டைப் பார்த்துவிட்டு, "அக்கா, இது மனச்சோர்வுக்குக் கொடுக்கற மாத்திரைங்களே" என்றான். திரும்பவும் மனசுக்கே வந்துவிட்டார்களா என்று எனக்குக் கண் நிறைந்துவிட்டது. மறுவாரம் டாக்டரிடம் கோபமாகவே கேட்டேன். சிறிய அளவில் அது வலியைச் சுமக்கும் நரம்புகளைத் தணிக்கும், தூக்கமும் தரும், மனநோய் என்று நினைத்து எழுதவில்லை என்று பொறுமையாக விளக்கினார். வாய் வறண்டது. காலையில் எழும்போது தலை கனத்தது. ஆனால் இரவில் எழுவது பாதியாகக் குறைந்தது.

பென்டோசான் என்ற மாத்திரையும் இருந்தது. பீச் (beech) மரக்கட்டையிலிருந்து எடுத்த பொருளைப் பக்குவம் செய்து தயாரிப்பது. பையின் உட்சுவருக்கு மேலுள்ள மெல்லிய காப்புப் படலம் அங்கங்கே கிழிந்திருந்தால் அதைப் பூசி மெழுகும் என்பது அதன்பின் உள்ள எண்ணம். அமெரிக்காவில் 1996இல் அனுமதி பெற்றது. பலன் தெரியவே மூன்று முதல் ஆறு மாதம் ஆகும். நான் இரண்டு வருஷம் சாப்பிட்டேன், கொஞ்சம் உதவியது என்றுதான் நினைக்கிறேன். அதை நீண்டகாலம் சாப்பிட்ட சிலருக்கு விழித்திரையில் பாதிப்பு இருப்பதாக 2018இல் அட்லாண்டா கண் மருத்துவர்கள் எழுதினார்கள். 2020இல் மருந்தோடு வரும் குறிப்புத்தாளிலேயே எச்சரிக்கை ஏறியது. நான் நிறுத்தி ரொம்ப காலம் ஆகியிருந்தாலும் ஓடிப்போய்க் கண்ணைக் காட்டினேன். ஒன்றும் இல்லை. அந்த மாத்திரை எடுக்கும் யாரைப் பார்த்தாலும் கண்ணைப் பரிசோதித்தாயா என்றுதான் முதலில் கேட்கிறேன்.

பூண்டு வாசனை அதற்கும் அடுத்த படி. டிஎம்எஸ்ஓ என்ற திரவம், மரக்கூழிலிருந்து காகிதம் செய்யும் ஆலைகளில் உபபொருளாகக் கிடைத்தது. இந்த நோய்க்கென்று சிறுநீர்ப்பைக்குள் நேரடியாக விட அமெரிக்காவில் 1978இல் அனுமதித்தார்கள். மெல்லிய குழாய் வழியாக ஐம்பது மில்லி உள்ளே விடுவார்கள். பதினைந்து நிமிடம் வெளியே விடாமல் வைத்திருக்க வேண்டும். எனக்கு வாரம் ஒன்றாக ஆறு முறை. உடம்பு அந்தத் திரவத்தில் ஒரு பங்கை வேறொரு பொருளாக மாற்றி மூச்சு வழியாக வெளியேற்றுகிறது. அதற்குத்தான் பூண்டு மணம். ஒரு நாள், சில சமயம் இரண்டு நாள்கூட நிற்கும். பள்ளிக்கு விடுப்பு வேண்டாம் என்று சனிக்கிழமைகளைத் தேர்ந்தெடுத்தேன். அது புரட்டாசி என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

அத்தை புரட்டாசிச் சனிக்கிழமை பெருமாளுக்குத் தளிகை போடுகிறவர். அன்றைக்கு வீட்டில் வெங்காயமும் பூண்டும் படியேறக் கூடாது. எதற்காகக் கோயம்புத்தூர் போய்வருகிறேன் என்று அவரிடம் நான் சொன்னதில்லை. பயிற்சி வகுப்பு என்று சொல்லியிருந்தேன். திரும்பி வந்து பூஜைக்கு உட்கார்ந்தபோது அத்தை என் பக்கம் திரும்பி மூக்கைச் சுளித்தார்.

"ஏனம்மிணி, இன்னிக்குப் போயி பூண்டு தின்னுட்டு வந்திருக்கறயே?"

இல்லை என்றேன். வாயைத் திறந்ததும் வாசனை இன்னும் பலமாக வந்தது. அத்தையின் முகம் மாறியதைப் பார்த்ததும் எனக்குள் எதுவோ உடைந்தது. அடுப்படிக்கு அழைத்துப்போய், கதவைச் சாத்திவிட்டு, எல்லாவற்றையும் சொன்னேன். வலி எங்கே, எப்போது, எத்தனை முறை, குழாய் எங்கே விடுகிறார்கள் என்பதுவரை. பேசி முடித்தபோது பாயசம் அடிப்பிடித்துவிட்டிருந்தது. அத்தை அடுப்பை அணைத்துவிட்டு மனையில் உட்கார்ந்தார். ரொம்ப நேரம் கழித்துக் கேட்டார்.

"நெறையறப்ப வலிச்சு, போனாக் கொறையுதா அம்மிணி?"

டாக்டர் கேட்ட அதே கேள்வி.

"உங்களுக்குமாங்க அத்தை?"

"உங்க மாமா இருந்த காலத்திலிருந்தே" என்றார். மாமா இறந்து அப்போது பதினைந்து வருஷம் ஆகியிருந்தது.

அந்த ஆறு வாரமும் என் வலியை ஓரளவு தணித்தன. ஆனால் எனக்கு அதிகம் கைகொடுத்தது பல வருஷம் கழித்துக் கிடைத்த ஒன்று. அதற்குள் மற்றொருவர் பேச்சைக் கேட்டு இடுப்புத்தளத் தசையை இறுக்கிப் பிடிக்கும் பயிற்சிகள் செய்து வலியைக் கூட்டிக்கொண்டிருந்தேன். பிறகு ஓர் இளம் பிசியோதெரபிஸ்ட் பெண்ணைப் பார்த்தேன். அவள் பரிசோதித்துவிட்டு, "உங்க தசை பலவீனமா இல்லைங்கம்மா. விடவே தெரியாம இறுகிப்போயிருக்கு. அந்தப் பயிற்சியை இன்னையோட நிறுத்திடுங்க" என்றாள். இறுகிய முடிச்சுகளைக் கையாலேயே அழுத்தித் தளர்த்தும் முறை அவளுடையது. வட அமெரிக்காவில் 81 பெண்களிடம் இதைச் சோதித்து 2012இல் வெளியிட்டிருக்கிறார்கள் என்றாள். இந்தச் சிகிச்சை பெற்றவர்களில் 59 சதவீதம் பேர் தெளிவாகத் தேறியிருக்கிறார்கள். சாதாரண மசாஜ் பெற்றவர்களில் 26 சதவீதம் பேர்தான்.

பாயில் மல்லாந்து, முழங்காலை மடித்துப் படுக்கவைத்து, மூச்சை வயிற்றுக்குள் இழுக்கச் சொல்வாள். "இப்ப கீழ விடுங்கம்மா. விடுங்க. இன்னும் விடலை நீங்க." எப்படி விடுவது என்று எனக்குப் புரியவில்லை. கல்லுக்கட்டில் காலைப் பின்னிக்கொண்டு உட்கார்ந்த சிறுமியும், சாவி கேட்கத் துணியாத மாணவியும், ஒன்றரை மணி நேரப் பஸ் பயணத்து டீச்சரும் சேர்ந்து நாற்பது வருஷமாக இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். என் நோய்க்கு அதுதான் காரணம் என்று எந்த டாக்டரும் சொன்னதில்லை, நானும் சொல்லவில்லை. மூன்றாவது வாரம், மூச்சு இறங்கும்போது அடியில் ஏதோ ஒன்று பூப்போல அவிழ்ந்தது. படுத்தபடியே அழுதேன். அந்தப் பெண் ஒன்றும் கேட்காமல் துண்டை எடுத்துக் கொடுத்தாள்.

நான் தலைமையாசிரியை ஆனதும் பெண் பிள்ளைகளின் கழிவறைப் பூட்டைக் கழற்றிவிட்டேன். பாடம் நடக்கும்போது எழுந்து போக யாரும் கை தூக்க வேண்டாம் என்று வகுப்பு வகுப்பாகப் போய்ச் சொன்னேன். முதல் வாரம் ஒருத்தியும் எழவில்லை. பிறகு பழகிக்கொண்டார்கள்.

அத்தையை, அடுப்படியில் பேசிய அந்த வருஷத்து ஐப்பசியிலேயே அதே கோயம்புத்தூர் டாக்டரிடம் அழைத்துப்போனேன். ஆண் டாக்டர் என்றதும் பஸ் நிலையத்திலிருந்தே திரும்பப் பார்த்தார். நான் கையை விடவில்லை. அவருக்கு இருந்தது ஹன்னர் சொன்ன அந்தப் புண். உள்ளே மூன்று இடத்தில் சிவந்து கிடந்தது. மயக்கம் கொடுத்து அவற்றை மின்சூட்டால் பொசுக்கினார்கள். ஒரு வருஷம் கழித்து மறுபடி ஒருமுறை செய்ய வேண்டியிருக்கும் என்றார்கள், அப்படியே வேண்டியும் வந்தது.

முதல் தடவை அத்தை ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிப் பத்து நாள் இருக்கும். வழக்கம்போல் நடுச்சாமத்தில் எழுந்து கொல்லைக் கதவைத் திறந்தேன். கட்டுத்தறியில் மாடுகள் அசைபோடும் சத்தம் கேட்டது. விளக்கு எரியவில்லை. நான் போய்வந்து, மறுபடி மூன்றரை மணிக்கு எழுந்தபோதும் எரியவில்லை. மனசுக்குள் ஒரு பயம் வந்து, அத்தை படுத்திருந்த அறைக்குள் எட்டிப் பார்த்தேன். பக்கவாட்டில் திரும்பி, ஒரு கையைக் கன்னத்துக்கு அடியில் வைத்து, வாய் லேசாகத் திறந்திருக்க, குழந்தைபோலத் தூங்கிக்கொண்டிருந்தார். கோழி கூவும்வரை அந்த வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தேன்.